பழந்தாளும் வெந்தயமும்

ஆண்டு முழுவதும் ஓயாமல் வீட்டுக்குள் வந்து சேர்வதும், வந்த வேகத்திலேயே மதிப்பை இழப்பதும், விற்றால் சொற்பக் காசு தருவதும், எறிந்தாலோ மனத்தை உறுத்துவதுமான வஸ்து காகிதத்தைப்போல வேறொன்று இல்லை. காலையில் ஆவலோடு பிரிக்கப்பட்ட செய்தித்தாள் மாலைக்குள் பரணுக்குப் போய்விடுகிறது. பள்ளி ஆண்டு முடிந்ததும் பாதி எழுதப்பெற்ற நோட்டுப் புத்தகங்களும், முகூர்த்தம் கழிந்ததும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகளும், தை பிறந்ததும் சென்ற ஆண்டின் நாட்காட்டிகளும் அதே பரணில் அடைக்கலம் புகுகின்றன. கைவினைக்கு மூலப்பொருள் தேடுகின்றவர் கடைக்குப் புறப்படுமுன் அந்தப் பரணில் ஏறிப் பார்ப்பது உத்தமம். ஆதலால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதியைக் காகிதத்துக்கே ஒதுக்கி, கந்தல் துணிக்கும் உடைந்த வளையலுக்கும் பழைய பொம்மைக்கும் மிச்ச இடத்தைத் தர உத்தேசித்திருக்கிறேன்.

தொடங்குமுன் ஓர் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடங்களில் கழிவுப் பொருள்களைக் கொண்டு கலைப்பொருள் செய்யும் போட்டி என்று ஒன்று நடத்துகிறார்கள். அறிவிப்பு வந்த மறுநாளே பெற்றோர் கடைக்கு ஓடிப் பளபளப்புத் தாளும், மினுக்குத் தூளும், தெர்மக்கோல் பலகையும், பிளாஸ்டிக் முத்துகளும் வாங்கி வந்து, ஒரு காலிப் பாட்டிலின் உடம்பு துளியும் வெளியே தெரியாதபடி அவற்றை ஒட்டி அனுப்பிவைக்கிறார்கள். போட்டி முடிந்ததும் பாட்டிலோடு அந்தப் புதுச் சாமான்களும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன. குப்பை பெருகுவதன்றி வேறு பிரயோஜனம் இதில் எனக்குப் புலப்படவில்லை. பழம்பொருளை மறைப்பது நம் காரியம் அன்று. அதன் சுபாவத்தை அறிந்து, அதனால் இன்னும் எது கூடுமோ அதைச் செய்யவைப்பதே காரியம். தாள் ஊறும், நார் நாராகப் பிரியும், உலர்ந்தால் மறுபடி இறுகும். இனி வருகின்ற செய்முறை முழுவதும் இந்த மூன்று குணங்களைப் பற்றிக்கொண்டே நடப்பது.

தமிழ்நாட்டுப் பெண்மணிகளுக்கு இது புதிய வித்தையும் அன்று. மூங்கில் முறத்தின் இடுக்குகளில் நொய்யும் சிறுதானியமும் நழுவாமலிருக்க, ஊறவைத்த காகிதத்தையும் வெந்தயத்தையும் உரலிலிட்டு இடித்து, அந்தக் கூழை முறத்தின் இருபுறமும் பூசி வெயிலில் உலர்த்தும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அதே கூழைக் கவிழ்த்துவைத்த குடத்தின்மீதோ தவலையின்மீதோ அப்பி எடுத்தால் அது கூடை. வற்றல், மிளகாய், புளி, அரிசி என்று சமையலறைச் சாமான்கள் பலவும் அத்தகைய கூடைகளில் இருந்த காலம் உண்டு. எடையோ குறைவு, கீழே விழுந்தாலும் உடையாது, சற்றே பிய்ந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கூழை அப்பினால் பழையபடி ஆகிவிடும். மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் மலிவாக வந்த பிறகே இந்தக் கூடைகள் பரணேறின.

இனிச் செய்முறை. முதலில் தாளைத் தரம் பிரிக்கவேண்டும். செய்தித்தாள் எளிதில் ஊறிக் குழையும். ஆனால் அதன் நார் குட்டையாதலால் அதுமட்டும் கொண்டு செய்த பாத்திரம் விளிம்பில் உதிரக்கூடும். நோட்டுப் புத்தகத் தாளின் நார் வலியது. ஊறுவதற்கு மட்டும் நாள் அதிகம் பிடிக்கும். இரண்டையும் சமபாகமாகக் கலப்பது நல்லது. முட்டை அடுக்கி வரும் சாம்பல் நிற அட்டையை எவரும் பொருட்படுத்துவதில்லை. அதுவோ ஏற்கெனவே கூழாக்கி வார்க்கப்பட்ட காகிதமே ஆதலால், ஓரிரவு ஊறினாலே குழைந்துவிடுகிறது. அவசரக்காரர்களுக்கு அதைச் சிபாரிசு செய்வேன். வாரப் பத்திரிகைகளின் வழவழப்பான தாளில் வெண்களிமண் பூச்சு இருப்பதால் கூழில் பசைப்பு குறையும். அதைக் கூழுக்குச் சேர்க்காமல் மேலே ஒட்டுகிற அலங்காரத்துக்கு எடுத்துவைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் மெருகு போட்ட கல்யாணப் பத்திரிகை எத்தனை நாள் ஊறினாலும் பிரியாது. கடைகளில் இயந்திரம் அச்சடித்துத் தருகிற வழவழத்த ரசீதுச் சீட்டுகளில் ரசாயனப் பூச்சு உண்டாதலால் அவற்றை அறவே ஒதுக்கிவிடவேண்டும். புத்தகங்களிலிருந்து கம்பி ஊசிகளை நீக்க மறந்தால் அவை பிசையும்போது விரலில் ஏறித் தம்மை நினைவூட்டும்.

தரம் பிரித்த தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையாலேயே கிழிப்பது விசேஷம். கிழிந்த ஓரத்தில் நார் அவிழ்ந்து நீரை விரைவாக உறிஞ்சும். கட்டைவிரல் அகலத் துண்டுகளாகக் கிழித்து, மூழ்கும்படி நீர் விட்டு, செய்தித்தாளானால் ஒரு நாளும் கெட்டித்தாளானால் இரண்டு மூன்று நாளும் ஊறவிடவேண்டும். தினமும் நீரை மாற்றாவிட்டால் கோடைக்காலத்தில் நாற்றம் எழும். ஊறிய தாளை உரலில் இடிப்பதே சிரேஷ்டம். இடிக்கும்போது நார் அறுபடாமல் நசுங்கிப் பிரிகிறது. அவ்வாறு பிரிந்த நார்கள் உலரும்போது ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் பாத்திரத்துக்கு உறுதி உண்டாகிறது. உரல் இல்லாத வீட்டில் மிக்சியில் அரைக்கலாம். ஆனால் ஒரு பிடித் தாளுக்கு மூன்று குவளை நீராவது விட்டு, விட்டுவிட்டு ஓட்டவேண்டும். நீரைக் குறைத்துத் தாளைத் திணித்தால் தாள் கூழாகுமுன் மோட்டார் புகையும். சமையலுக்கு வைத்திருக்கும் ஜாரை இதற்கு எடுக்கவேண்டாம். அரைத்தபின் மெல்லிய துணியில் ஊற்றிப் பிழிந்துகொள்க. பிழிந்த நீரைச் சாக்கடைத் தொட்டியில் கொட்டினால் நார் போய் அடைத்துக்கொள்ளுமாதலால், அதை வெளியே மண்ணில் ஊற்றிவிடலாம். பிழிந்த கூழை உடனே உபயோகிக்க இயலாவிட்டால் உருண்டைகளாக்கிக் காயவைத்து, வேண்டும்போது மறுபடி ஊறவைத்துக்கொள்வதில் தோஷம் ஒன்றுமில்லை.

ஒரு கிலோ உலர்ந்த தாளுக்கு 100 கிராம் வெந்தயம் என்பது நல்ல கணக்கு. ஏறக்குறைய நடுத்தரக் கூடைகள் இரண்டு இதில் தேறும். வெந்தயத்தைத் தனியே ஓரிரவு ஊறவைத்து, தோலோடு சேர்த்து நுரைக்க நுரைக்க அரைக்கவேண்டும். அதிலுள்ள கொழகொழப்பான பிசினே நாருக்கு நார் பாலமாக நிற்கிறது. அதன் கசப்பும் மணமும் பூச்சிகளை ஓரளவு தூரத்தில் நிறுத்துகின்றன. ஒரே சரக்கில் பசையும் காவலும் கிடைப்பதைக் கண்டுகொண்ட பாட்டிமாரின் நுண்ணறிவை நான் பலமுறை வியந்ததுண்டு. வெந்தயம் விலையேறிய நாளில் புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையைச் சேர்க்கலாம்; ஆந்திர தேசத்துக் கொண்டபல்லிப் பொம்மைக்காரர்கள் மரத்தூளோடு புளியங்கொட்டை மாவைக் குழைத்தே பொம்மைகளின் கைகால்களைப் பொருத்துகிறார்கள். மைதாப் பசையும் பிடிப்பது மெய்யே. ஆனால் அது கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து. புத்தகம் கட்டுகிறவர்கள் அந்தப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது இந்தப் பூச்சிகளுக்காகத்தான். அது நஞ்சாகையால் குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதன் பக்கமே போகவேண்டியதில்லை.

கூழையும் வெந்தய விழுதையும் சேர்த்துக் கட்டியில்லாமல் பிசைந்து, ஒரு கைப்பிடி எடுத்துக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் பிடித்தால் விரல் ரேகை பதியவேண்டும், நீர் சொட்டலாகாது. அதுவே பதம்.

அடுத்தது அச்சு. இங்கேதான் புதியவர்களில் பெரும்பாலோர் சங்கடப்படுகிறார்கள். காரணத்தை அறிந்துகொண்டால் சங்கடம் தீரும். ஈரக்கூழ் உலரும்போது சுருங்குவது அதன் இயல்பு. கவிழ்த்த பாத்திரத்தின் வெளிப்புறத்தில் அப்பினால், கூழ் சுருங்கச் சுருங்க உள்ளேயிருக்கும் உலோகம் இடங்கொடாமையால், ஒன்று பாத்திரத்தைக் கழற்றமுடியாதபடி இறுகப் பற்றிக்கொள்ளும், அல்லது தானே வெடித்துவிடும். ஆகவே பாத்திரத்தின்மேல் ஈரத்துணி ஒன்றைச் சுருக்கமின்றிப் போர்த்தி, அதன்மேல் அரை அங்குலக் கனத்தில் கூழை அப்பி, முக்கால் பங்கு உலர்ந்து தொட்டால் ஈரம் குளிர்ந்து தெரிகிற நிலையிலேயே துணியோடு கழற்றி, துணியை மெல்ல உரித்தெடுத்து, மீதியைத் தனியே உலரவிடவேண்டும். பாத்திரத்தின் உட்புறத்தில் அப்புகிறவர்களுக்கோ இந்தக் கவலையே இல்லை. கூழ் சுருங்கும்போது சுவரைவிட்டு விலகித் தானாகவே வந்துவிடும். ஆனால் உட்புறத்தில் காற்றும் வெயிலும் குறைவாதலால் உலர நாள் அதிகமாகும். அடியில் பூஞ்சை பிடிக்கவும் கூடும். பெரிய கூடைக்கு வெளியச்சும் சிறு கிண்ணத்துக்கு உள்ளச்சும் ஏற்றவை என்பது என் துணிபு. எவ்வாறாயினும் முதல் நாள் நிழலில் வைத்து, மறுநாள்முதல் வெயிலில் வைக்கவேண்டும். எடுத்த எடுப்பிலேயே சித்திரை வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து பிளந்துவிடும். மார்கழியிலும் மழைநாளிலும் இந்தக் காரியத்தைத் தொடங்காதிருப்பதே விவேகம்.

வாய் குறுகி வயிறு பருத்த கூஜா போன்ற வடிவத்தை எப்படிக் கழற்றுவது என்று வாசகர் கேட்கலாம். காஷ்மீரத்துக் கைவினைஞர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 15-ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காலத்தில் அங்கே வேரூன்றியதாகச் சொல்லப்படும் அக்கலையில் இரண்டு பிரிவுகள் உண்டு. கூழால் உருவம் சமைப்பது சக்தசாஜி. அதன்மேல் சித்திரம் தீட்டுவது நக்காஷி. கழிவுத்தாளோடு கந்தைத் துணியும் வைக்கோலும் சேர்த்துக் கல்லுரலில் இடித்து, அச்சின்மேல் அப்பி, முழுக்க உலர்ந்தபின் சிறு ரம்பத்தால் நடுவே இரண்டாக அறுத்துக் கழற்றி, பாதிகள் இரண்டையும் பசையால் மறுபடி பொருத்திவிடுகிறார்கள். பொருத்திய வடு வெள்ளைப் பூச்சின் கீழ் மறைந்துவிடும். நம் வீட்டிலும் பழைய இரும்பறுக்கும் ரம்பத் தகடு ஒன்று இருந்தால் இவ்வாறே செய்யலாம். காஷ்மீரத்தாரைப் பின்பற்றிக் கூழில் ஒரு பிடி பருத்திக் கந்தலை நூல் நூலாகப் பிரித்துச் சேர்ப்பதும் உறுதிக்கு நல்லது.

முற்றும் உலருமுன், சற்றே ஈரமிருக்கும்போது, வழவழப்பான கூழாங்கல்லாலோ கரண்டியின் முதுகாலோ பரப்பெங்கும் அழுத்தித் தேய்த்தால் மேடுபள்ளம் அடங்கி ஒரு மங்கிய மினுமினுப்பு உண்டாகும். இதன்மேல் வர்ணம் வேண்டுவோர், சாக்பீஸ் தூளையும் கோந்தையும் நீர்விட்டுக் கரண்டியிலிருந்து தடையின்றி ஒழுகும் பதத்தில் கலந்து இரண்டு மூன்று கை பூசி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு தீட்டலாம். செம்மண், காவி, சுண்ணாம்பு, துணிக்குப் போடும் நீலம் என்று வீட்டிலிருக்கும் நிறங்களே போதும். என் ருசியைக் கேட்டால், வர்ணமே இல்லாத சாம்பல் நிறக் கூடையைத்தான் சொல்வேன். கூர்ந்து பார்க்கையில் ஏதோ ஒரு தலைப்புச் செய்தியின் பாதி எழுத்து அதில் மங்கித் தெரியும். அந்த அழகை எந்த எனாமல் பூச்சும் தந்துவிட முடியாது.

இத்தனை பாடுபட்டுச் செய்த கூடையில் எதை வைப்பது? முன்னோர் தானியம் வைத்தார்கள் என்பதற்காக நாமும் வைக்கவேண்டும் என்பதில்லை. அச்சு மையின் ரசாயனங்கள் உணவில் சேர்வதை எண்ணி, உணவுப் பண்டங்களைச் செய்தித்தாளில் பொதியவேண்டாமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ஆம் ஆண்டில் எச்சரித்திருக்கிறது. கூழாக்கிவிட்டதனால் மை மறைந்துவிடுவதில்லை. சாவி, கடிதம், நூற்கண்டு, மூக்குக்கண்ணாடி, தோல் உரிக்காத பூண்டு ஆகியவற்றுக்கு இந்தக் கூடை மிக ஏற்றது. தண்ணீர் மட்டும் ஆகாது.

துணியைப் பற்றி விரிவாகச் சொல்லத் தனி நூலே வேண்டும். இங்கே இரண்டொரு குறிப்புகளோடு நிறுத்துகிறேன். பலமுறை தோய்த்து மெலிந்த பருத்திப் புடவையையும் வேஷ்டியையும்விட மிருதுவான துணியை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. வங்காளத்துப் பெண்கள் அத்தகைய துணிகளை மூன்று நான்கு அடுக்காக வைத்து, பழம்புடவைக் கரையிலிருந்து உருவிய வர்ண நூலாலேயே ஓட்டுத் தையலிட்டுக் காந்தா என்னும் போர்வை செய்கிறார்கள். ஊசியொன்றைத் தவிர வேறெதையும் விலைக்கு வாங்காத இந்தச் சிக்கனம் என் மனத்துக்கு மிக உகந்தது. வட கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவழியினரான சித்திகள் செய்யும் கவந்தி வேறு வகை: கிழிந்த துண்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துப்போய், முடிவில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிப்பூக்களை வைப்பார்கள். நம் வீட்டில் தொடங்குகிறவர் காந்தா முறையில் தொட்டில் குழந்தைக்கு ஒரு சிறு விரிப்பைத் தைத்துப் பார்க்கலாம். ஒரே பதமான துணிகளையே அடுக்கவேண்டும்; புதிய துணியும் நைந்த துணியும் கலந்தால், தோய்க்கும்போது புதியது சுருங்கிப் பழையதைக் கிழித்துவிடும்.

பட்டுப் புடவையில் கத்தரி வைக்குமுன் ஜாக்கிரதை வேண்டும். சிவப்புப் பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவதே அசல் ஜரிகை. பாட்டி காலத்துக் காஞ்சிபுரம் புடவையில் அது இருக்கப் பெரும்பாலும் இடமுண்டு. ஓர் இழையைப் பிரித்துப் பார்த்து, உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால், தலையணை உறை தைக்கும் எண்ணத்தை ஒத்திவைத்து, தெரிந்தவரிடம் காட்டி மதிப்பறிந்துகொள்வது நலம். தெருவில் பழம்பட்டு வாங்க வருகிறவர் அந்த மதிப்பை நமக்குச் சொல்லமாட்டார்.

உடைந்த கண்ணாடி வளையல்களைச் சேர்த்துவைத்து, விளக்குச் சுடரில் காட்டிக் குழையச் செய்து, ஒன்றோடொன்று கோத்து வளைத்துச் சங்கிலியாக்கும் விளையாட்டை அநேகர் சிறுவயதில் அறிந்திருப்பார்கள். இடுக்கியால் பிடிப்பதும் பெரியவர் ஒருவர் அருகிலிருப்பதும் அவசியம். பெரிய அளவில் செய்ய விரும்புகிறவர், ஈரச் சிமெண்டுப் பரப்பில் வளையல் துண்டுகளை நெருக்கிப் பதித்துத் துளசி மாடத்தையோ பூந்தொட்டியையோ அழகு செய்யலாம். சண்டிகர் நகரில் சாலை ஆய்வாளராக வேலைபார்த்த நேக் சந்த் என்பவர், 1957 முதல் எவருக்கும் தெரியாமல், இடித்த வீடுகளின் ஓடுகளையும் உடைந்த பீங்கானையும் வளையல்களையும் சைக்கிளில் சுமந்து சென்று, நகருக்கு வெளியே காட்டினுள் மனித உருவங்களும் விலங்குகளும் சமைத்துவந்தார். அரசாங்க நிலத்தில் அநுமதியின்றி எழுந்த அந்தச் சிருஷ்டியை இடிப்பதற்குப் பதிலாக 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அவருடைய மங்கையர் சிலரின் ஆடை முழுவதும் வளையல் துண்டுகளே. துண்டுகளின் நிறம் எப்படி அமைந்ததோ அப்படியே ஆடையின் நிறமும் அமைந்திருப்பதையும், எதன்மீதும் வர்ணம் பூசி மறைக்கும் முயற்சி இல்லாததையும் கவனிக்கவேண்டும்.

கடைசியாக, கொலுப் பெட்டியைத் திறந்தால் ஆண்டுதோறும் எதிர்ப்படுகிற கவலை: கை ஒடிந்த கிருஷ்ணனும் மூக்கு சிதைந்த செட்டியாரும். அங்கஹீனமான பொம்மையைப் படியில் வைக்கலாகாதென்று நீரில் விட்டுவிடுவோர் உண்டு. மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் காகிதக் கூழாலேயே பொம்மைகள் செய்கிறார்களாதலால், கூழ்கொண்டு பொம்மையைச் செப்பனிடுவதில் சம்பிரதாய விரோதம் ஏதுமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒடிந்த இடத்தில் ஊசிமுனையால் சிறு துளையிட்டு, அதில் மெல்லிய கம்பித் துண்டை ஃபெவிகால் தடவிச் செருகி, அதைக் கையின் போக்கில் வளைத்துக்கொள்க. கூழை இம்முறை மிக நைசாக அரைத்து, பாதிக்குப் பாதி சாக்பீஸ் தூளும் கோந்தும் சேர்த்துப் பிசைந்து, முறிந்த மண்பரப்பில் முதலில் கோந்து பூசிக் காயவைத்தபின், கம்பியைச் சுற்றி மெல்லிய அடுக்குகளாக வைத்து வரவேண்டும். ஓர் அடுக்கு உலராமல் அடுத்ததை வைத்தால் உள்ளே ஈரம் தங்கிக் கம்பி துருவேறும். விரல்களைப் பிரித்துக் காட்ட ஈர்க்குச்சி போதுமானது. நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கினால் அவசரமின்றி முடிக்கலாம். புது வர்ணத்தைச் செப்பனிட்ட இடத்தில் மட்டும் தீட்டவேண்டும். முழுப் பொம்மைக்கும் பூசினால் பழைய முகம் மறைந்துவிடும். பழைய வர்ணத்தை உப்புத்தாள் கொண்டு உலர்ந்த நிலையில் தேய்ப்பது மட்டும் கூடாது. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாதென்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முற்பட்ட பொம்மையின் தூளில் ஈயம் இருக்கலாமாதலால், ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்திவிடுக.